பல்லுறுப்பியின் பூச்சியங்கள்: ஒரு கணிதக் கருத்து மலைநாடு வந்த வரலாறு

மத்திய மலைநாட்டிலே, சிவனொளிபாத மலைக்கு அண்மையிற் கிடக்கும் மஸ்கெலியாப் பள்ளத்தாக்கில், 1969 ஆம் ஆண்டு மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தது. மஸ்கெலியா ஓயாவை மறித்துக் கட்டிய அணையின் பின்னே நீர் ஏற, பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கிற்று; மக்கள் மேட்டு நிலத்தே எழுந்த புதிய நகருக்குக் குடிபெயர்ந்தனர். மழை பொய்த்து நீர்மட்டம் தாழும் காலங்களில் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளித்தோன்றுவதுண்டு. அப்பொழுது இரு கரைகளும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கி வருவதைப் பாடசாலைச் சிறாரும் காண்பர். கணிதம் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதனினும் சிறந்த கரும்பலகை வாய்ப்பது அரிது. நிலத்தின் வளைவு நீர்மட்டக் கோட்டைச் சந்திக்கும் இடங்களே கரைகள். அவ்வாறே, பல்லுறுப்பி ஒன்றின் வளைகோடு பூச்சியக் கோட்டைச் சந்திக்கும் இடங்களே அப்பல்லுறுப்பியின் பூச்சியங்கள்.

இன்று பாடநூலில் இரண்டு மூன்று பக்கங்களுள் அடங்கும் இக்கருத்து, உலகத்தார்க்கு எளிதிற் கிட்டியதன்று. பூச்சியத்தின் விதிகளை வகுத்த அறிஞர் காலந்தொட்டு, பூச்சியமும் காரணியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது தெளிவான காலம் வரையில் ஆயிரம் ஆண்டுகள் கழிந்தன. தமிழில் அட்சரகணித நூல் அச்சேறிய பின்னரும், அக்கல்வி மலைநாட்டுத் தோட்டப் பிள்ளைகளின் வகுப்பறையை எட்டுதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. முன்னைய தாமதத்திற்குக் காரணம் கருத்தின் அருமை. பின்னைய தாமதத்திற்குக் காரணம் மனிதர் இட்ட வேலி. இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கே நோக்குதல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயனுடையதாகும்.

பூச்சியத்தின் தனியியல்பு

எளிய கணக்கொன்றை முதலில் நோக்குவோம். தோட்ட லயமொன்றின் பின்புறத்தே செவ்வகமான மரக்கறிப் பாத்தி ஒன்றுளது. அதன் நீளம் அகலத்தினும் 5 முழம் கூடியது. பரப்பு 84 சதுர முழம். அகலம் யாது? கூர்மதியுள்ள சிறுவன் 5 ஐயும் 10 ஐயும் பெருக்குவான். 50 என வரும். 6 ஐயும் 11 ஐயும் பெருக்குவான். 66 என வரும். 7 ஐயும் 12 ஐயும் பெருக்கி 84 எனக் கண்டு மகிழ்வான். இது நன்முயற்சியே, ஆயினும், எண்கள் பெரியனவாயின் இம்முறை கைகொடாது. வேறு விடை உண்டோ இல்லையோ என்பதற்கும் இம்முறை மறுமொழி தராது.

அறியப்படாத எண்ணைக் குறித்தற்கு இந்தியக் கணிதவறிஞர் ‘யாவத்தாவத்’ என்னும் சொல்லைச் சுருக்கி ‘யா’ என எழுதினர். அம்மரபைத் தழுவி ஈண்டும் அதனை ‘ய’ என வழங்குவோம். அகலம் ய எனின், ய(ய + 5) = 84 என்பது சமன்பாடு. இவ்வடிவிலே இருக்கும்வரை இச்சமன்பாடு வழிகாட்டாது. ஏனெனில், பெருக்கம் 84 ஆகும் எண்சோடிகள் எண்ணில; 7 உம் 12 உம் ஆகலாம், 6 உம் 14 உம் ஆகலாம், 4 உம் 21 உம் ஆகலாம். ஆனால் 84 ஐ இப்புறம் கொணர்ந்து, ய² + 5ய − 84 = 0 என எழுதி, இடப்புறத்தைக் காரணிகளாக்கின், (ய − 7)(ய + 12) = 0 என்றாகிறது. இப்பொழுது ஐயத்திற்கு இடமில்லை. இரண்டு எண்களின் பெருக்கம் பூச்சியமாயின் அவற்றுள் ஒன்றேனும் பூச்சியமாதல் வேண்டும். எனவே ய என்பது 7 அல்லது −12. பாத்தியின் அகலம் எதிரெண்ணாதல் இயலாமையின் 7 ஐக் கொள்கிறோம். எனினும் சமன்பாட்டின் மூலங்கள் இரண்டே என்பதும், மூன்றாவதொன்று இல்லை என்பதும் உறுதியாயின. வேறெவ்வெண்ணுக்கும் இல்லாத இவ்வாற்றல் பூச்சியத்திற்கு உண்டு. காரணிப்படுத்தலின் பயன் முழுவதும் இவ்வொன்றிலேயே தங்கியுள்ளது.

ஆயிரம் ஆண்டு இடைவெளி

கி. பி. 628 இல் இயற்றிய ‘பிரம்மஸ்புட சித்தாந்தம்’ என்னும் நூலிலே பிரம்மகுப்தர் பூச்சியத்தை ஓர் எண்ணாகவே கொண்டு, அதனைக் கூட்டுதற்கும் கழித்தற்கும் பெருக்குதற்கும் விதி கூறினார். எவ்வெண்ணையும் பூச்சியத்தாற் பெருக்கப் பூச்சியமே வரும் என்பது அவர் கூறிய விதிகளுள் ஒன்று. இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியும் அதே நூலில் உண்டு. அவருக்குப் பின் வந்த ஸ்ரீதரர், இருபடிச் சமன்பாட்டின் இருபுறத்தையும் தக்க எண்ணாற் பெருக்கி, இடப்புறத்தை நிறைவர்க்கமாக்கித் தீர்க்கும் முறையை வகுத்தார். அவரது அட்சரகணித நூல் மறைந்துபோயிற்று. இரண்டாம் பாஸ்கரர் எடுத்துக் கூறியதனால் அம்முறை நிலைத்தது.

பாஸ்கரர் 1150 ஆம் ஆண்டில் இயற்றிய ‘பீஜகணிதம்’ என்னும் நூலில் குரங்குக் கூட்டத்தைப் பற்றிய கணக்கொன்றுண்டு. கூட்டத்தின் ஐந்திலொரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, எஞ்சியதை வர்க்கித்த தொகையான குரங்குகள் குகையினுட் புகுந்தன. ஒரு குரங்கே வெளியிற் காணப்பட்டது. கூட்டத்தின் தொகை யாது என்பது வினா. இதனைச் சமன்பாடாக்கின் ய² − 55ய + 250 = 0 என வரும். அதன் மூலங்கள் 50 உம் 5 உம் ஆகும். பாஸ்கரர் இரண்டையும் கண்டார். ஆயின் 5 ஐ ஏற்றாரல்லர். ஐந்தில் ஐந்திலொரு பங்கு 1. அதிலிருந்து 3 ஐக் கழிப்பின் எதிரெண் வருமாதலின், அது வழக்கிற்குப் பொருந்தாதென விலக்கினார். சமன்பாடு தரும் விடை வேறு, உலகியல் ஏற்கும் விடை வேறு என்னும் வேறுபாட்டை இத்துணைத் தெளிவாகக் காட்டும் பழங்கணக்குகள் சிலவே.

பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி, ஏறக்குறைய 820 ஆம் ஆண்டளவில் இயற்றிய நூலிலே, முதலாம் இரண்டாம் படிச் சமன்பாடுகளை ஆறு வகைகளாகப் பிரித்து ஒவ்வொன்றிற்கும் தனித்தனி முறை கூறினார். ‘அல்ஜிப்ரா’ என்னும் மேலைநாட்டுப் பெயர் அந்நூற்பெயரின் ஒரு சொல்லிலிருந்து பிறந்ததே. ஒரு சமன்பாட்டுக்கு ஆறு வகை ஏன் வேண்டும்? அவர் எதிரெண்களை விலக்கி, இருபுறத்தும் நேரெண்களையே நிறுத்தினார்; எல்லாவற்றையும் ஒருபுறம் தள்ளி மறுபுறத்தே பூச்சியத்தை வைத்தல் அவருக்குத் தோன்றவில்லை.

ஈண்டு ஓர் உண்மை புலனாகும். பூச்சியத்தின் பெருக்கல் விதியும் இருபடிச் சமன்பாட்டின் தீர்வும் ஒரே நூலினுள்ளே பல நூற்றாண்டுகள் அடுத்தடுத்துக் கிடந்தன. எனினும், உறுப்புகளை ஒருபுறத்தே திரட்டிப் பூச்சியத்திற்குச் சமனாக்கி, அவற்றைக் காரணிகளாக உடைத்து மூலங்களைக் காணும் வழி அங்கே தலைமை பெறவில்லை. நிறைவர்க்கமாக்கலே போதிய கருவியாயிருந்தமையின் பிறிதொன்றிற்குத் தேவை எழவில்லை போலும்.

காரணித் தேற்றம்

இணைப்பு பதினேழாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. ஆங்கிலேயரான தோமஸ் ஹரியட், மூலங்களிலிருந்து காரணிகளை அமைத்து, அவற்றைப் பெருக்கிச் சமன்பாடுகளைக் கட்டிக் காட்டினார். அவர் 1621 இல் மறைந்தார். அவரது நூல் 1631 இலேயே வெளிவந்தது. பிரெஞ்சு அறிஞர் தெக்கார்ட்டு 1637 இல் வெளியிட்ட கேத்திரகணித நூலிலே அதே வழியை மேலும் தெளிவாக்கினார். அவர் 2, 3 என்னும் மூலங்களைக் கொண்டு (ய − 2), (ய − 3) என்பவற்றைப் பெருக்கி ய² − 5ய + 6 என்பதைப் பெற்றார். அதனை (ய − 4) ஆற் பெருக்கி ய³ − 9ய² + 26ய − 24 என்பதைக் கண்டார். பின்னர் (ய + 5) ஆற் பெருக்கி நான்காம் படிக் கோவையையும் ஆக்கினார். −5 என்னும் மூலத்திற்கு அவர் ‘பொய்மூலம்’ என்று பெயரிட்டார். பெயர் இழிவாயினும் மூலத்தை விலக்கினாரல்லர். ஒரு கோவையை (ய − க) மீதியின்றி வகுக்குமாயின் க அதன் மூலம். வகுக்காதாயின் க மூலமன்று என்பது அவர் நிலைநாட்டிய உண்மை. அதனையே இன்று காரணித் தேற்றம் என்கிறோம்.

இத்தேற்றத்தின் நியாயம் எண்கணிதத்திலிருந்தே விளங்கும். 47 ஐ 7 ஆல் வகுப்பின் ஈவு 6, மீதி 5; அதாவது 47 = 7 × 6 + 5. பல்லுறுப்பியை (ய − க) ஆல் வகுப்பினும் இவ்வாறே. பல்லுறுப்பி = (ய − க) × ஈவு + மீதி. மீதி வெறும் எண்ணேயாம்; அதில் ய இடம்பெறாது. இச்சமன் எல்லாப் பெறுமானங்களுக்கும் பொருந்துமாதலின், ய இற்குப் பதிலாக க ஐ இடுக. (ய − க) பூச்சியமாகும். ஈவு எதுவாயினும் அதனோடு மறையும். மீதி மட்டும் நிற்கும். ஆகவே ய = க எனப் பிரதியிட்டுப் பெறும் பெறுமானமே மீதி. இதுவே மீதித் தேற்றம். அம்மீதி பூச்சியமாயின் (ய − க) காரணியாகும்.

தெக்கார்ட்டின் கோவையையே எடுத்து ய = 1 எனப் பிரதியிட்டால் 1 − 9 + 26 − 24 = −6. எனவே (ய − 1) காரணியன்று. வகுத்துப் பார்ப்பினும் −6 மீதி வரும். ய = 2 எனின் 8 − 36 + 52 − 24 = 0. எனவே (ய − 2) காரணி. ஈவு ய² − 7ய + 12. அதனை (ய − 3)(ய − 4) என உடைத்தல் எளிது.

வகுப்பறைகளிலே மாணவர் பலர், “காரணியிலுள்ள குறியை மாற்றி எழுதினால் மூலம் வரும்” என்று மனனஞ் செய்திருப்பர். விடை சரியாகவே வரும், விளக்கம் வராது. (ய + 12) என்னும் காரணியிலிருந்து −12 வருவது குறியை மாற்றியதனாலன்று. ய இன் இடத்தில் −12 நிற்கும்பொழுதே அக்காரணி பூச்சியமாவதனாலாம். (2ய − 3) என்னும் காரணி வந்தவுடன் குறிமாற்றும் மாணவன் −3 ஐ +3 ஆக்கி மூலம் 3 என்பான். காரணம் அறிந்தவனோ 3/2 என்பான். நியாயம் அறியாத விதி முதல் வளைவிலேயே கைவிடும்.

கவுஸ் 1799 இல் அளித்த ஆய்வு, சிக்கலெண்களையும் சேர்த்து மீளவரும் மூலங்களைத் தனித்தனி எண்ணின், ஒவ்வொரு பல்லுறுப்பிக்கும் அதன் படியளவு மூலங்கள் உண்டென்னும் அடிப்படைத் தேற்றத்திற்கு வழிகோலிற்று. ஏபெல் 1824 இல், ஐந்தாம் படிச் சமன்பாடு அனைத்திற்கும் பொருந்தும் பொதுச்சூத்திரம் மூலக்குறிகளால் அமைதல் இயலாதென நிறுவினார். சூத்திரம் நின்றுவிடும் அவ்விடத்தும் காரணித் தேற்றம் நிற்பதில்லை. ஒரு பூச்சியத்தை எவ்வாறாயினும் கண்டால் படி ஒன்று குறையும் என்பது எல்லாப் படிக்கும் உண்மையாகும்.

தமிழில் அட்சரகணிதம்

இக்கல்வி தமிழில் நூலாக வெளிவந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயாகும். அமெரிக்க மிசனார் 1823 இல் வட்டுக்கோட்டையிலே நிறுவிய செமினறியிற் கணிதமும் வானியலும் உயர்நிலையிற் கற்பிக்கப்பட்டன. அங்கே கற்று அங்கேயே ஆசிரியராயிருந்த கறல் விசுவநாதபிள்ளை ‘வீசகணிதம்’ என்னும் நூலைத் தமிழில் இயற்றினார். அது 1855 இல் அச்சாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகச் சி. வை. தாமோதரம்பிள்ளையுடன் ஒருங்கே எண்ணப்படுபவர் இவரே. ‘வீசம்’ என்பது வித்து. அறியாத எண்ணை வித்தாகக் கொண்டு அறிந்த விடையை விளைவிக்கும் கணிதம் என்னும் வடமொழிப் பெயரையே அவர் தமிழில் வழங்கினார். பிற்காலத்தில் எழுத்தாற் கணித்தல் என்னும் பொருள்பட ‘அட்சரகணிதம்’ என்னும் பெயர் இலங்கையில் நிலைபெற்றது. 1950 களிலும் 1960 களிலும் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளும் மொழிபெயர்ப்பு நூல்களும், கணிதத்தை உயர்வகுப்புகளிலும் தமிழிலேயே கற்றற்கு வழி வகுத்தன.

ஆகவே, தமிழ் மொழி கணிதத்தைத் தாங்காது என்னும் கூற்றுக்கு 1855 இலேயே மறுமொழி கிடைத்துவிட்டது. அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் அனைவர்க்கும் அந்நூல் எட்டிற்றோ என்பதே வினா.

மலைநாட்டின் ஐந்தாம் வகுப்பு

‘வீசகணிதம்’ அச்சேறிய அதே காலத்திலே, தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர், மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்து மாத்தளையையும் அதற்கப்பாலுள்ள மலைகளையும் அடைந்துகொண்டிருந்தனர். 1869 முதல் பரவிய இலைநோயாற் கோப்பி அழிந்தது. 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. மஸ்கெலியா, பொகவந்தலாவை, டிக்கோயாப் பகுதிகள் தேயிலைத் தோட்டங்களாயின. தமிழ் பேசுவோர் ஓரிடத்தே வகுத்தல் பெருக்கல் தேற்றங்களைத் தமிழில் வாசிக்க, மற்றோரிடத்தே தம் பெயரெழுதவும் வாய்ப்பின்றி வாழ்ந்தனர்.

தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்குங் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்திய சட்டம் 1907 இலே வந்தது. 1920 இன் கல்விச் சட்டமும் அதனை வற்புறுத்தியது. எனினும் தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஓராசிரியப் பாடசாலையாகவே இருந்தது. ஒரே அறையினுள் எல்லா வகுப்புகளும் அமர்ந்தன. ஐந்தாம் வகுப்பே பொதுவாக எல்லையாயிற்று. எழுத்தும் வாசிப்பும் எண்ணுமே அங்கே கல்வி. அவ்வெண்ணறிவும் பயனற்றதன்று. நிறுவையில் எத்தனை இறாத்தல் கொழுந்து விழுந்தது, சாக்கின் பாரத்திற்கு எவ்வளவு கழித்தனர், கணக்கப்பிள்ளை செக்றோலில் முழுப்பேர் பதிந்தாரா அரைப்பேர் பதிந்தாரா என்பவற்றைச் சரிபார்க்க அறிந்த பிள்ளை வீட்டிற்குக் காவலாயிற்று. ஆயின் எண்கணிதம் முடிந்து எழுத்துக் கணிதம் தொடங்குவது ஐந்தாம் வகுப்பிற்கு மேலேயாம். எந்த வகுப்பில் அறியாத எண்ணுக்குப் பெயரிடக் கற்பிப்பார்களோ, அந்த வகுப்பின் வாயிலிலே தோட்டப் பிள்ளையின் கல்வி நின்றுவிட்டது.

1945 இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் கீழேயே இருந்தன. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலார் குடியுரிமை இழந்தமையின், தம் பிள்ளைகளின் கல்விக்காகக் குரல் கொடுக்கும் அரசியல் வலியும் குன்றிற்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதனையடுத்து, 1977 முதலாகத் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பெருந்தொகையாகப் பொறுப்பேற்றது. அதன் பின்னரே அவற்றுட் பல மெல்ல மெல்ல மேல்வகுப்புகளைக் கண்டன. 1855 இலிருந்து 1977 வரை எண்ணின் 122 ஆண்டுகள். பூச்சியமும் காரணியும் இணைதற்குச் சென்ற ஆயிரம் ஆண்டுகளை அறிவின் வளர்ச்சிக்குரிய காலம் எனலாம். இந்த 122 ஆண்டுகளை அவ்வாறு கூற இயலாது.

பள்ளத்தாக்கின் வரைபு

இன்று இருபடிக் கோவைகளின் காரணிகள் சாதாரண தர வகுப்பிலும், மீதித் தேற்றமும் காரணித் தேற்றமும் உயர்தர இணைந்த கணிதத்திலும் இடம்பெறுகின்றன. சாதாரண தரத்திற் கணிதம் கட்டாய பாடம். அதில் தவறும் மாணவர்க்குப் பல வாயில்கள் அடைபடுகின்றன. பிந்தி வந்த இக்கல்வியை வெறும் குறிமாற்ற விதியாக வழங்குவது, பசித்தோனுக்கு உமியை அளப்பதற்கொப்பாகும். நியாயத்தோடு வழங்குதற்கு வேண்டிய பொருள் மஸ்கெலியா மாணவரின் கண்முன்னேயே உள்ளது.

பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக எண்ணுக. கணக்கின் எளிமைக்காக, அதன் வளைவை (ய − 5)² எனக் கொள்வோம்; ய என்பது ஒருகரை மேட்டிலிருந்து அளக்கும் தூரம்; அடித்தளம் ய = 5 இல் உள்ளது. நீர்மட்டம் அடித்தளத்திலிருந்து 16 அலகு உயரத்தில் நிற்பின், நிலத்தின் உயரத்திலிருந்து நீரின் உயரத்தைக் கழிக்க ய² − 10ய + 9 வரும். அதன் காரணிகள் (ய − 1)(ய − 9). கரைகள் 1 இலும் 9 இலும் உள்ளன. இவ்விரண்டிற்கும் இடையே கோவையின் பெறுமானம் எதிரெண். அதாவது நிலம் நீருக்குக் கீழே. வறட்சியால் நீர்மட்டம் 4 அலகிற்குத் தாழ்ந்தால் கோவை ய² − 10ய + 21. காரணிகள் (ய − 3)(ய − 7). கரைகள் நெருங்கின, ஆயினும் அவற்றின் கூட்டுத்தொகை முன்போலவே 10. நீர் முற்றும் வற்றி அடித்தளத்தை மட்டும் தொடும்பொழுது கோவை (ய − 5)². இரு பூச்சியங்களும் ஒன்றாயின. மட்டக்கோடு அடித்தளத்திற்கு ஓரலகு கீழே சென்றதாகக் கொள்ளின் ய² − 10ய + 26, அக்கோடு நிலத்தை எங்கும் சந்தியாது, மெய்ம்மூலம் இல்லை. இரண்டு, ஒன்று, இல்லை என்னும் மூன்று நிலைகளும் ஒரே பள்ளத்தாக்கில் நீர் இறங்கும் கதையாகவே விளங்குகின்றன.

பாஸ்கரர் விலக்கிய விடையும், தெக்கார்ட்டு பொய் என்றழைத்த மூலமும், விசுவநாதபிள்ளை வித்தென்று பெயரிட்ட கணிதமும் இவ்வாறு ஒரு மாணவனின் குறிப்பேட்டில் ஒன்றுசேர்கின்றன. குறிமாற்றும் விதியைச் சொல்லிவிட்டு அடுத்த பயிற்சிக்குச் செல்லுதல் ஐந்து நிமிடப் பணி, “ஏன்?” என்று கேட்கும் பிள்ளைக்கு நீர்த்தேக்கத்தைக் காட்டி விளக்குதல் ஒரு பாடவேளைப் பணி. அந்தப் பாடவேளையை மலைநாட்டுப் பிள்ளைகள் நூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருந்து பெற்றனர். அதனைச் சுருக்கும் உரிமை எவர்க்கும் இல்லை.